அணுகுண்டு கேக்கும் அரை டன் பென்சிலும்

கேக் வெட்டுவதற்கு மனித குலம் இதுவரை கண்டுபிடித்த காரணங்களில் மகா மட்டமானது எது என்று யாராவது போட்டி வைத்தால், முதல் பரிசை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் இரண்டாம் பரிசைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

1946 நவம்பர் முதல் வாரம். ராணுவக் கல்லூரி வளாகத்திலிருந்த அதிகாரிகள் கிளப்பில் ஒரு விருந்து. மேஜை நடுவில் கேக். இப்போது நம் ஊர் பேக்கரிகளில் கிரிக்கெட் மட்டை, பார்பி, ஸ்பைடர்மேன் என்று கேட்ட உருவத்தில் செய்து தருகிறார்களே, அந்த மாதிரி. அன்றைக்கு ஆர்டர் கொடுத்த உருவம் அணுகுண்டு வெடித்து எழும்பிய காளான் மேகம். கீழே தடித்த தண்டு, மேலே பஞ்சு மூட்டையாய் விரிந்த குடை, சுற்றிலும் நுரை நுரையாய் அலங்காரம். கத்தியைப் பிடித்தவர் வைஸ் அட்மிரல் வில்லியம் பிளாண்டி. கூடவே கை வைத்தவர் அவர் மனைவி. அந்த அம்மாள் தலையில் ஒரு தொப்பி; அதுவும் கேக்கின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரியே இருந்தது. பக்கத்தில் இன்னொரு அட்மிரல், ‘என் துண்டு எப்போ வரும்’ என்கிற முகத்தோடு.

கேக்கின் வகைக்கு அமெரிக்காவில் ‘ஏஞ்சல் ஃபுட்’ என்று பெயர். மஞ்சள் கரு சேர்க்காமல் முட்டையின் வெள்ளையை மட்டும் அடித்து நுரைத்துச் செய்வது. அதாவது தேவதைகள் சாப்பிடும் பண்டம். தேவதைகளின் பேர் அன்றைக்குக் கெட்டதுதான், இன்னும் சரியாகவில்லை.

கொண்டாட்டம் எதற்கு? அந்த ஜூலையில் பசிபிக்கில், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி என்ற இடத்தில் அமெரிக்கா இரண்டு அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்திருந்தது. போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதிரி யாரும் மிச்சம் இல்லாததால் தங்கள் கப்பல்களையும் ஜப்பானிடமும் ஜெர்மனியிடமும் பிடுங்கியவற்றையும் 90-க்கு மேல் வரிசையாக நிறுத்திவைத்து, அவற்றின் நடுவே வெடித்தார்கள். நடுவில் நெவாடா என்ற போர்க்கப்பலுக்குச் செக்கச் செவேலென்று பெயின்ட் அடித்திருந்தார்கள், விமானத்திலிருந்து குறி பார்ப்பவன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று. முதல் குண்டு அதைவிட்டு 600 மீட்டருக்கு மேல் தள்ளி விழுந்தது. கோயில் திருவிழா பலூன் கடையில் என் மாமா சுடுவார் இப்படி. ஆனால் அவர் சுட்டால் ஊர் காலியாகாது.

இங்கே காலியானது. பிகினியில் வாழ்ந்தவர்கள் 167 பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆராதனை முடித்து வந்ததும் அமெரிக்க அதிகாரி ஒருவர் எதிரில் உட்கார்ந்து, மனித குலத்தின் நன்மைக்காகத் தீவைக் கொஞ்ச நாள் தர முடியுமா என்று கேட்டார். கொடுத்தார்கள். கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அவர்கள் இடத்துக்குக் கப்பல்களில் புது வாடகைதாரர்கள் ஏற்றப்பட்டார்கள்: பன்றிகள், ஆடுகள், எலிகள். சில பன்றிகளுக்கு வெடிச் சூட்டைத் தாங்குகிறதா பார்க்கத் தைலம் பூசினார்கள். தீபாவளிக் காலையில்கூட நம் வீட்டில் அவ்வளவு சிரத்தையாக எண்ணெய் தேய்த்ததில்லை. அதில் 311 என்ற எண் போட்ட பன்றிக்குட்டி ஒன்று, ஏறியிருந்த கப்பல் மூழ்கியும் சாகாமல் கடலில் நீந்திக்கொண்டிருந்ததாக ஒரு கதை உலவியது. பன்றி பிழைத்தது நிஜம். இந்தப் பன்றியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

முதல் குண்டு ஜூலை 1. நாலே நாள் கழித்து பாரிஸில் லூயி ரேயார் என்பவர் நாலு முக்கோணத் துணியைக் கயிற்றில் கோத்து, ‘பிகினி’ என்று பெயர் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். உலகத்துக்கு அந்தத் தீவைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்.

இந்தச் சோதனைக்குத் தலைமை தாங்கியவர்தான் நம் பிளாண்டி. முன்னதாகவே பத்திரிகைக்காரர்களிடம், தான் இஷ்டத்துக்குக் குண்டு வெடித்துப் பார்க்கும் அணு மைனர் ஒன்றும் இல்லை என்று விளக்கம் கொடுத்தவர். வேலை முடிந்து படைப்பிரிவைக் கலைத்தார்கள். கலைக்கும்போது ஒரு பார்ட்டி. பார்ட்டி என்றால் கேக். மைனர் இல்லை என்று சொன்னவர் கையில் கத்தி.

விஷயம் கிளப்போடு முடிந்திருந்தால் சாப்பிட்டவர்கள் ஏப்பம் விட்டதோடு மறந்திருப்பார்கள். ஆனால் போட்டோ எடுத்தார்கள். வாஷிங்டன் போஸ்ட் அதைப் பெரிய மனிதர்களின் விருந்துச் செய்திகள் வரும் பக்கத்தில் போட்டது. அதை ஒரு பாதிரியார் பார்த்துவிட்டார்.

ஆர்தர் பவல் டேவிஸ். இங்கிலாந்தில் பிறந்த வெல்ஷ் ரத்தம். வாஷிங்டனில் ஆல் சோல்ஸ் என்ற யூனிட்டேரியன் தேவாலயத்தின் போதகர். யூனிட்டேரியன்கள் பொதுவாக நரகம், கந்தகம், எரிகிற ஏரி என்றெல்லாம் பயமுறுத்தாத, படித்த, மென்மையான கோஷ்டி. அப்படிப்பட்டவரே அந்த ஞாயிறு மேடையேறி, பழைய காலத்துப் பாதிரியாருக்கு இருந்த அதிகாரம் மட்டும் தனக்கு இருந்திருந்தால் இந்த ஆபாசத்தின் மேல் தெய்வ கோபத்தை வரவழைத்திருப்பேன் என்கிற அளவுக்குப் போய்விட்டார். கிராமத்துப் பாட்டி மண்ணை வாரித் தூற்றுவாளே, அதைத்தான் அவர் அங்கியோடு நின்று ஆங்கிலத்தில் செய்தார்.

பிரசங்கம் பத்திரிகைகளில் வந்தது. வழக்கமாக இந்த மாதிரிப் பரபரப்புக்கு நாலு நாள்தான் ஆயுசு. ஐந்தாம் நாள் வேறு கேக் வரும். ஆனால் டேவிஸின் பேச்சு டோக்கியோவரை போய்ச் சேர்ந்து, அங்கே ஜெனரல் மெக்ஆர்தரின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் கல்விப் பிரிவில் இருந்த ஹவர்டு பெல் என்ற அமெரிக்கர் கண்ணில் பட்டது. அவர் 1947 தொடக்கத்தில் டேவிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாரம் என்னவென்றால்: ஐயா, நீங்கள் திட்டியது ரொம்ப சரி, இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதப் பென்சில் இல்லை, காகிதம் இல்லை, உங்கள் சபைப் பிள்ளைகள் கொஞ்சம் அனுப்பினால் நன்றாயிருக்கும்.

எனக்கு இந்த பெல்லை ரொம்பப் பிடிக்கிறது. ஆவேசமாகப் பேசியவரிடம் ‘பிரமாதம்’ என்று கை குலுக்கிவிட்டு அதே கையில் ரசீதுப் புத்தகத்தை நீட்டுவது ஒரு கலை. நம் ஊர் கோயில் கமிட்டிக்காரர்கள் அதில் கரை கண்டவர்கள்.

ஜப்பானியப் பிள்ளைகளின் நிலைமையையும் சொல்ல வேண்டும். 1945 தோல்விக்குப் பிறகு புதுப் பாடப்புத்தகம் அச்சடிக்கக் காகிதம் இல்லை. பழைய புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பீரங்கி, போர்வீரன், பேரரசின் பெருமை. என்ன செய்வது? பிள்ளைகள் கையிலேயே தூரிகையும் கறுப்பு மையும் கொடுத்து, இந்த வரியை அழி, அந்தப் படத்தை அழி என்று வகுப்பில் வாத்தியாரே சொல்லச் சொல்ல அடிக்கவைத்தார்கள். போன வருஷம் ஒரு எழுத்தை உளறினால் கன்னத்தில் அறைந்த அதே வாத்தியார். சில பக்கங்களில் மை பூசியது போக மிஞ்சியது ‘மற்றும்’, ‘ஆகவே’ ரக வார்த்தைகள்தான். போருக்குப் பின் அந்த நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து தீட்டிய முதல் சித்திரம் அது. ஒரே நிறம்.

ஆல் சோல்ஸ் சபையின் பிள்ளைகள் வேலையில் இறங்கினார்கள். பென்சில், கிரேயான், காகிதம், ரப்பர், பசை. சேர்த்து எடை போட்டால் அரை டன்னுக்கு மேல். ஒரு கணக்கு மனதில் ஓடுகிறது, தப்பாக நினைக்காதீர்கள். ஹிரோஷிமாவில் போட்ட குண்டு நாலு டன்னுக்கு மேல். டினியன் தீவிலிருந்து ஆறு மணி நேரத்துச் சொச்சத்தில் டோர் டெலிவரி. அரை டன் பென்சிலுக்குக் கப்பல். எந்தக் காலத்திலும் அவசரத் தபாலில் போவது எது, சாதாத் தபாலில் போவது எது என்பதில் அரசாங்கங்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

பெட்டிகள் போய்ச் சேர்ந்த பள்ளிகளில் ஒன்று ஹிரோஷிமாவின் ஹொன்காவா. குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 400 மீட்டர். 1928-இல் கட்டிய மூன்று மாடி கான்கிரீட் கட்டடம் என்பதால் வெளிச்சுவர் மட்டும் நின்றது. அன்று காலை அங்கிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய 400 பேர் இறந்தார்கள், ஆசிரியர்கள் பத்துப் பேர் அளவில். பள்ளிக்குள் இருந்து தப்பியது ஒரு ஆசிரியையும் ஒரு மாணவியும். இந்த வாக்கியங்களில் சிரிக்க ஒன்றும் இல்லை, தாண்டிப் போகிறேன்.

அடுத்த வருஷமே அதே கருகிய கூட்டில் வகுப்பு தொடங்கியது. ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டை. குளிரும் மழையும் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாமலே தினமும் ஆஜர். அங்கே வந்து இறங்கியது கிரேயான் பெட்டி. பிள்ளைகள் நன்றி சொல்லும் விதமாகப் படம் வரைந்தார்கள். படங்களும் தூரிகை எழுத்துமாக ஏறக்குறைய ஐம்பது உருப்படிகள் 1948-இல் வாஷிங்டன் வந்து சேர்ந்தன.

உறையைப் பிரிக்கும்போது பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள். என்ன இருக்கும்? நெருப்பா, சாம்பலா, காளான் மேகமா? தேவாலயத்தில் நாலு பேர் கண்ணீர் விடத் தயாராகக் கைக்குட்டையோடு வந்திருக்கவும்கூடும். உள்ளே இருந்தது: செர்ரிப் பூ. பச்சை மரம். விளையாடுகிற பையன்கள். நல்ல கிமோனோ உடுத்திய பெண்பிள்ளைகள். அடர்த்தியான சிவப்பு, மஞ்சள், நீலம்.

குண்டைக் காணோம்.

இதற்கு இன்றுவரை பெரியவர்கள் விளக்கம் எழுதித் தள்ளுகிறார்கள். நம்பிக்கையின் குறியீடு, மறுபிறப்பின் அடையாளம், ஆழ்மனத்தின் ஏக்கம். இருக்கலாம். ஆக்கிரமிப்பு அதிகாரிகள் 1945 செப்டம்பரிலேயே பத்திரிகைத் தணிக்கை கொண்டுவந்து, அணுகுண்டைப் பற்றி அச்சில் எழுதுவதைக் கெடுபிடியாக்கி வைத்திருந்தார்கள். வாத்தியார்களுக்கும் அந்தக் காற்று அடித்திருக்கும். குண்டு போட்டவனுக்கே நன்றிக் கடிதம் எழுதும்போது குண்டைப் பற்றி எழுதுவது மரியாதையாகவும் இருக்காது. ஆனாலும் என் சொந்த அனுமானம் வேறு. மூன்று வருஷமாகக் கறுப்பைத் தவிர வேறு நிறத்தைக் கையில் தொடாத பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பெட்டி கிரேயானைக் கொடுத்தால், அது முதலில் தேடுவது கறுப்பை அல்ல.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் ஓவியப் போட்டி. தலைப்பு ‘உலக சமாதானம்’. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குத் தெரியும், நமக்குக் கையிருப்பில் இருப்பது ஒரே ஓவியம்தான்: இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போல நாலு பறவைகள். தலைப்பு எதுவானாலும் இதுவே சரக்கு. சுதந்திர தினம் என்றால் குடிசை மேல் கொடி. குடும்பக் கட்டுப்பாடு என்றால் குடிசை வாசலில் இரண்டு பிள்ளைகள். உலக சமாதானம் என்றதும் குடிசைக் கூரைமேல் ஒரு வெள்ளைப் புறாவை உட்காரவைத்தேன். ஓவிய வாத்தியார் குனிந்து பார்த்துவிட்டு, “கோழி நல்லா வந்திருக்குடா, முட்டை எங்க?” என்றார். ஆறுதல் பரிசு கிடைத்தது: ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. உலக சமாதானத்துக்கும் சோப்புக்கும் என்ன உறவு என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

பெரியவர்கள் பிள்ளைகளின் சாமான்களை வைத்து ராஜதந்திரம் செய்து பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை. இதே இரண்டு நாடுகளுக்குள்ளேயே 1927-இல் ஒரு பொம்மைக் கல்யாணம் நடந்திருந்தது. 1924-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு ஜப்பானியர் குடியேற்றத்தை ஒரேயடியாக அடைத்தது. ஜப்பானுக்கு அவமானம், கோபம். சிட்னி குலிக் என்ற முன்னாள் மிஷனரிக்கு ஒரு யோசனை: சட்டத்தைத்தான் மாற்ற முடியவில்லை, பொம்மை அனுப்பலாமே! மனிதர்களுக்கு விசா கிடையாது, ஆனால் 12,739 பொம்மைகள் ஆளுக்கொரு பாஸ்போர்ட்டோடு கப்பலேறின. யோகோஹாமாவில் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஜப்பான் தரப்பில் ஷிபுசாவா எய்இச்சி என்ற எண்பது தாண்டிய வங்கி முதலாளி வரவேற்புக்குப் பொறுப்பேற்று, பதிலுக்கு 58 பொம்மைகளைத் தேநீர்க் கோப்பை, மேஜை, பெட்டி படுக்கையோடு சீர் அனுப்பினார். சம்பந்தி வீட்டுக்கு நாம் குறைந்தவர்கள் இல்லை என்று காட்டியாக வேண்டுமே.

பதினாறு வருஷத்தில் சம்பந்திகள் குண்டு வீசிக்கொண்டிருந்தார்கள். 1943-இல் நீலக்கண் பொம்மைகள் எதிரி நாட்டுப் பிரஜைகள் ஆகிவிட்டன. ஒரு ஜப்பானியப் பத்திரிகை, அஒமோரி பகுதிப் பள்ளி ஒன்றில் ‘இந்தப் பொம்மையை என்ன செய்யலாம்?’ என்று பிள்ளைகளிடம் வாக்கெடுத்ததைச் செய்தியாகப் போட்டது. எரிப்பதற்கு நல்ல ஆதரவு. உடைக்கலாம், கடலில் போடலாம் என்றும் விழுந்தன. சிலர் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பலாம் என்றார்கள், பாவம், தபால் வசதி இல்லாத நேரத்தில். ஒரே ஒரு பிள்ளை மட்டும், இது அமெரிக்க உளவாளியாக இருக்கலாம், ஜாக்கிரதை என்று எச்சரித்தது. அந்தப் பிள்ளை பின்னால் அரசு உத்தியோகத்துக்குப் போயிருந்தால் நிச்சயம் செயலாளர் ஆகியிருக்கும். எப்படியோ, சில ஆசிரியர்கள் கட்டளைக்குத் தலையாட்டிவிட்டுப் பொம்மையைப் பரணில், அலமாரி இடுக்கில் ஒளித்துவைத்தார்கள். அப்படிப் பிழைத்தவை சுமார் 300.

இந்த ஆட்டத்தில் இந்தியாவும் உண்டு. பிள்ளைகள் கேட்டால் நாம் மட்டும் சும்மா இருப்போமா? போர்க்காலத்தில் டோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சிசாலையில் யானைகளைப் பட்டினி போட்டுக் கொன்றிருந்தார்கள். பிழைத்த இரண்டு யானைகள் நகோயாவில் இருந்தன. டோக்கியோப் பிள்ளைகள் ஒன்றைக் கடன் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய மறுத்து ரகளை செய்ததால், யானையைக் கொண்டுவருவதற்குப் பதில் பிள்ளைகளை ரயிலேற்றி யானையிடம் அனுப்பினார்கள். கடைசியில் பிள்ளைகளின் கடிதங்கள் மூட்டையாக நேருவிடம் வந்தன. நேரு 1949 செப்டம்பரில் மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு யானையை அனுப்பிவைத்தார், மகளின் பெயரையே வைத்து: இந்திரா. உணவுக்கே நாம் திண்டாடிய காலம்; யானைக்கு மட்டும் தட்டுப்பாடு இல்லை. வந்து இறங்கிய இந்திராவுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை புரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது கன்னடம். ஆகவே உவேனோவின் பாகர்கள் யானையிடம் கன்னடத்தில் பேசக் கற்றுக்கொண்டார்கள். பெங்களூரில் முப்பது வருஷம் குடியிருக்கும் என் உறவினர்கள் சிலரால் இன்றுவரை முடியாத காரியம். 1954-இல் ஆம்ஸ்டர்டாம் பிள்ளைகளுக்கும் நேரு ஒரு குட்டி யானை அனுப்பினார். அதன் பெயர் முருகன். விநாயகரை வைத்துக்கொண்டு யானைக்கு முருகன் என்று பெயர் வைத்தது யார் என்று குடும்பத்துக்குள் இன்றும் விசாரணை நடந்துகொண்டிருக்கும்.

சரி, ஹொன்காவா படங்கள் என்ன ஆயின? தேவாலயத்தில் மாட்டினார்கள், பார்த்தார்கள், உருகினார்கள், கழற்றினார்கள். பிறகு பெட்டிக்குள் போட்டார்கள். டேவிஸ் 1957-இல் காலமானார். பெட்டி, பெட்டிகளுக்கே உரிய பொறுமையோடு பல பத்தாண்டுகள் கிடந்தது. எந்தக் கல்யாண வீட்டிலும் மொய் நோட்டு பத்திரமாக இருக்கும், வாழ்த்து மடல் காணாமல் போகும்; அந்த நியதிதான்.

இங்கேதான் பன்றி வருகிறது. பிகினியில் பிழைத்த 311-ஐக் கொஞ்ச காலம் சோதித்துப் பார்த்துவிட்டு வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள். ஜனங்கள் குடும்பத்தோடு போய் வேடிக்கை பார்த்தார்கள். அந்த மிருகக்காட்சிசாலை ஆல் சோல்ஸ் தேவாலயத்திலிருந்து காலாற நடந்து போகிற தூரம்தான். ஒரே பேட்டையில் ஒரு பக்கம் அணுகுண்டுக்குத் தப்பிய பன்றி, பிரபலமாக. இன்னொரு பக்கம் அணுகுண்டுக்குத் தப்பிய பிள்ளைகளின் படங்கள், பெட்டிக்குள்.

படங்களை மறுபடி கண்டெடுத்து, 2000-க்குப் பிறகு நிபுணர்களை வைத்துச் செப்பனிட்டார்கள். 2010-இல் சபைக்காரர்கள் அவற்றை ஹிரோஷிமாவுக்கே எடுத்துப்போய் அதே ஹொன்காவா பள்ளியில் மாட்டினார்கள். வரைந்தவர்களில் சிலர் பார்க்க வந்தார்கள், எழுபதைத் தொட்ட தாத்தா பாட்டிகளாக. பிரையன் ரைக்ஹார்ட் இதையெல்லாம் ஆவணப்படமாக எடுத்து 2013-இல் வெளியிட்டார். அறுபது வருஷம் கழித்துத் தன் பத்து வயதுக் கிறுக்கலைக் கண்ணாடிச் சட்டத்துக்குள், வெள்ளைக் கையுறை போட்டவர்கள் தாங்கிப் பிடித்து வர, பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரியவர்கள் குண்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது, வரைந்தவர்கள் மரத்துக்கு இன்னும் கொஞ்சம் பச்சை போட்டிருக்கலாமோ என்று பார்த்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

என் புறாவைத் தேடி இதுவரை ஆவணப்படக்காரர்கள் யாரும் வரவில்லை. சோப்பு டப்பாவின் மூடி மட்டும் வீட்டில் இருக்கிறது. அம்மா அதில் ஊக்கு போட்டு வைத்திருக்கிறாள்.